கணினியில் விபிஎன்: தேர்ந்தெடுப்பதும் அமைப்பதும்

வீட்டுக் கணினியில் விபிஎன் (மெய்நிகர் தனியார் வலையமைப்பு) போட்டுக்கொள்ள நினைப்பவர், எந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது என்று பார்ப்பதற்கு முன், தம் இணையப் போக்குவரத்தை யார் பார்க்கக் கூடாது என்று விரும்புகிறார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விபிஎன் உங்கள் கணினியிலிருந்து புறப்படும் அனைத்தையும் மறைகுறியாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி, விபிஎன் நிறுவனத்தின் சேவையகம் (சர்வர்) ஒன்றுக்கு அனுப்புகிறது. அங்கிருந்துதான் அது இணையத்துக்குள் போகிறது. நடுவில் இருக்கும், சிங்கப்பூரின் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்ற இணையச் சேவை நிறுவனத்துக்கு, நீங்கள் அந்தச் சேவையகத்துடன் தொடர்பில் இருக்கிறீர்கள் என்பதும், எவ்வளவு தரவு போய்வருகிறது என்பதும் மட்டுமே தெரியும். நீங்கள் திறக்கும் தளங்களுக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரிக்கு (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிலாகச் சேவையகத்தின் முகவரி தெரியும். ஆனால் இதுவரை இணையச் சேவை நிறுவனம் இருந்த இடத்தில் இப்போது விபிஎன் நிறுவனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறதே தவிர, யாரையும் நம்பத் தேவையில்லை என்ற நிலை வருவதில்லை. ஆகவே தேர்வின் முழுப் பாரமும், அந்த நிறுவனம் நம்பத் தகுந்ததா என்ற ஒரே கேள்வியின் மீது விழுகிறது.

விபிஎன் செய்யாதவற்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முதியவர்கள் பலர் மோசடிக்காரர்களிடமிருந்து இது காப்பாற்றும் என்று நம்பி வாங்குகிறார்கள். வங்கியின் பெயரில் வரும் போலி இணைப்பை நீங்கள் அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், விபிஎன் அதை மறைகுறியாக்கம் செய்து பத்திரமாகத் திருடனிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். அத்தகைய சந்தேகங்களுக்கு ஸ்கேம்‌ஷீல்டு செயலியும் 1799 என்ற உதவி எண்ணும்தான் வழி. கூகளிலோ ஃபேஸ்புக்கிலோ உங்கள் கணக்கில் நுழைந்துவிட்ட பிறகு, நீங்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போவதும் இல்லை. வங்கித் தளங்களும் சிங்பாஸும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகவே இயங்குவதால், அவற்றில் நீங்கள் தட்டச்சு செய்வது விபிஎன் இல்லாமலேயே மறைகுறியாக்கம் செய்யப்பட்டுத்தான் செல்கிறது.

அப்படியானால் யாருக்கு இது தேவை? மடிக்கணினியை எடுத்துக்கொண்டு காப்பிக்கடை, விடுதி, மாநாட்டு அரங்கு என்று அலைபவர்களுக்கும், தாம் எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்ற பட்டியல் இணையச் சேவை நிறுவனத்திடம் சேர வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும், ஊருக்குப் போகும்போது அங்குள்ள வலையமைப்பை முழுமையாக நம்ப விரும்பாதவர்களுக்கும் இது உண்மையான பயன் தரும். 2006 முதல் சிங்கப்பூரில் இயங்கிவரும் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபை சேவையைப் பயன்படுத்துபவர்கள், திறந்த இணைப்பை விட்டுவிட்டு, கம்பியில்லா இணைப்பையே மறைகுறியாக்கம் செய்யும் வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தாலே பாதித் தேவை தீர்ந்துவிடும். அலுவலகம் கொடுத்த விபிஎன் வேறு விஷயம்; அது நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குள் நுழைவதற்கான வாசல். அதையும் சொந்த விபிஎன்னையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் பாதைகள் மோதி இரண்டுமே தடுமாறக்கூடும் என்பதால், வேலை நேரத்தில் சொந்தத்தை நிறுத்திவைப்பதே சரி.

சட்டத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமன்று. ஆனால் 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குற்றமான இணையச் சூதாட்டம், விபிஎன் வழியாகச் செய்தாலும் குற்றமே. வெளிநாட்டுக் காணொளிச் சேவையைப் பார்ப்பதற்காக முகவரியை மாற்றிக்கொள்வது, பெரும்பாலும் அந்தச் சேவையுடன் நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளை மீறுவதாக இருக்கும். அவர்கள் கணக்கை முடக்கினால் முறையிட இடமிருக்காது.

இனி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. இலவசம் என்று சொல்பவர்களிடம் முதலில் எச்சரிக்கை வேண்டும். சேவையகங்களுக்கும் அலைவரிசைக்கும் மாதாமாதம் செலவு உண்டு. பயனர் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். ஃபேஸ்புக் வைத்திருந்த ஒனாவோ என்ற இலவச விபிஎன், பயனர்கள் எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தரவைத் திரட்டித் தாய் நிறுவனத்தின் வணிகத் திட்டங்களுக்குக் கொடுத்தது. 2019இல் அது மூடப்பட்டது. 2023இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் இதன் தொடர்பில் மெட்டாவின் (ஃபேஸ்புக் நிறுவனத்தின் புதிய பெயர்) இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஹோலா என்ற இன்னொரு சேவை, இலவசப் பயனர்களின் இணைப்பையே மற்றவர்கள் வெளியேறும் வாசலாக வாடகைக்கு விற்றுவந்தது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. அப்படி ஒரு சேவையில், முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் காரியம் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து செய்ததாகவே பதிவாகும்.

விதிவிலக்காக, கட்டணப் பயனர்களின் பணத்தில் இலவசத் திட்டத்தை நடத்தும் சில நிறுவனங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டான் அவ்வாறானது. அதன் இலவசத் திட்டத்தில் தரவுக்கு வரம்பு இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் ஒரு கருவியில் மட்டுமே பயன்படுத்தலாம், எந்த நாட்டுச் சேவையகம் என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விபிஎன் தமக்குப் பழக்கப்படுமா என்று பார்க்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

கட்டணச் சேவைகளில் எல்லா நிறுவனமும் ‘எந்தப் பதிவையும் வைப்பதில்லை’ என்றே எழுதியிருக்கும். அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை. அது எப்போதாவது சோதனைக்கு உள்ளானதா, உள்ளானபோது என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் சுவீடனின் முல்வாட் நிறுவன அலுவலகத்துக்குக் காவல்துறையினர் சோதனை ஆணையுடன் வந்தார்கள். பறிமுதல் செய்ய வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லை என்பதை நிறுவனத்தினர் விளக்கிய பிறகு வெறுங்கையுடன் திரும்பினார்கள். அந்த நிறுவனம் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரியைக்கூடக் கேட்பதில்லை, ஓர் எண்ணை மட்டும் கொடுக்கிறது. மாதம் 5 யூரோ என்ற ஒரே விலையைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. அதை மட்டுமே வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வேறு எந்த நிறுவனத்தை நீங்கள் பரிசீலித்தாலும் இத்தகைய சான்றைத் தேடுங்கள். வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து அறிக்கையை முழுமையாக வெளியிட்டிருக்கிறதா, செயலியின் மூல நிரல் பொதுவில் இருக்கிறதா, நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பது தளத்திலேயே தெரிகிறதா என்று பாருங்கள். உரிமையாளர் பெயரை மறைக்கும் நிறுவனத்திடம் உங்கள் பெயரை ஒப்படைக்க எந்தக் காரணமும் இல்லை.

விலையைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மூன்றாண்டுச் சந்தாவுக்கான கவர்ச்சியான மாத விலை, புதுப்பிக்கும்போது பல மடங்கு ஏறுவது வழக்கம். மேலும், வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 முதல் இங்கே பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு என்பதால், விளம்பரத்தில் கண்ட தொகையும் கடன் அட்டையில் கழிக்கப்படும் தொகையும் ஒன்றாக இராமல் போகலாம். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நீண்ட சந்தாவுக்குப் போவதே விவேகம்.

சேவையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது வேகத்தைத் தீர்மானிக்கும். தனியுரிமை மட்டுமே நோக்கம் என்றால் சிங்கப்பூர்ச் சேவையகத்தையே தேர்ந்தெடுங்கள்; வீட்டுக் கண்ணாடி இழை இணைப்பின் வேகம் அதிகம் குறையாது. தொலைவிலுள்ள சேவையகம் என்றால் தாமதம் கூடும். உதாரணமாக, 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ2ஐ கடலடி வடத்தின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் பயணிக்கிறது என்பதால், போய்வர மட்டுமே 32 மில்லிநொடி ஆகிவிடும். இந்தத் தாமதத்தை எந்த நிறுவனத்தாலும் நீக்க முடியாது.

தமிழ்நாட்டுத் தொடர்பு உள்ள நம்மில் பலர் இந்தியச் சேவையகத்தை விரும்புவதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொடர்பு எண் உள்ளிட்ட விவரங்களைச் சேகரித்து, சந்தா முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை அதை ஏற்க மறுத்து இந்தியாவிலிருந்த தங்கள் சேவையகங்களை அகற்றின. இன்று பட்டியலில் ‘இந்தியா’ என்று காணப்படுவது பல நேரங்களில் மெய்நிகர் இருப்பிடம்: முகவரி இந்தியாவுடையது, இயந்திரம் இருப்பது சிங்கப்பூரிலோ லண்டனிலோ. உதாரணத்துக்கு, எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் இந்திய முகவரியைச் சிங்கப்பூர் வழியாகவும் கொடுக்கிறது. நமக்கு இதில் நன்மைதான், தரவு கடலைத் தாண்டிப் போய்வர வேண்டியதில்லை; ஆயினும் எந்த நாட்டின் சட்டம் அந்த இயந்திரத்தின் மீது செல்லும் என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது நல்லது.

நெறிமுறையை, அதாவது கணினியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் முறையைப் பொறுத்தவரை, வயர்கார்டு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலிலேயே (கெர்னல்) சேர்க்கப்பட்ட அது, சில ஆயிரம் வரி நிரல் மட்டுமே கொண்டது என்பதால் சரிபார்ப்பது எளிது, வேகமும் அதிகம். ஓப்பன்விபிஎன் பழையது, நம்பகமானது, சற்று மெதுவானது. விண்டோஸின் பட்டியலில் இன்னும் காணப்படும் பிபிடிபி என்ற பழைய நெறிமுறை வேண்டவே வேண்டாம்; அதன் கடவுச்சொல் முறையை ஒரே நாளில் உடைக்கலாம் என்பது 2012ஆம் ஆண்டிலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது.

நிறுவும்போது, தேடுபொறியின் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பதிவிறக்குங்கள். விண்டோஸில், பதிவிறக்கிய கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற தாவலைத் திறந்தால், கையொப்பமிட்ட நிறுவனத்தின் பெயர் தெரியும். அது எதிர்பார்த்த பெயராக இல்லாவிட்டாலோ, தாவலே இல்லாவிட்டாலோ கோப்பை அழித்துவிடுங்கள். நிறுவிய பின் செயலிக்குள் மாற்ற வேண்டியது ஒன்றுதான்: ‘கில் ஸ்விட்ச்’ என்ற வசதியை இயக்குவது. விபிஎன் இணைப்பு இடையில் அறுந்தால், அது திரும்பும்வரை கணினியின் இணையத்தையே அது நிறுத்திவைக்கும். அது இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமலேயே போக்குவரத்து பழைய வழிக்குத் திரும்பிவிடும்.

நிறுவனத்தின் செயலியை விரும்பாதவர்கள், வயர்கார்டு செயலியை மட்டும் நிறுவி, நிறுவனத்தின் தளத்திலிருந்து அமைப்புக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கிச் சேர்க்கலாம். என் கணினியில் நான் செய்திருப்பதும் இதுவே. அந்தக் கோப்பு பத்துப் பன்னிரண்டு வரிதான், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ‘பிரைவேட் கீ’ என்ற வரி உங்கள் ரகசியத் திறவுகோல்; அதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ யாருக்கும் அனுப்பக் கூடாது. ‘எண்ட்பாயின்ட்’ என்பது சேவையகத்தின் முகவரியும் வாயில் (போர்ட்) எண்ணும். மிகவும் கவனிக்க வேண்டியது ‘அலவுட் ஐபிஸ்’ என்ற வரி. எந்தப் போக்குவரத்து விபிஎன் வழியாகப் போக வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. அங்கே 0.0.0.0/0 என்று மட்டும் இருந்தால் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரியின் போக்குவரத்து மட்டுமே உள்ளே போகும். உங்கள் இணைப்பில் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் இருந்தால், விபிஎன் இயங்குவதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பல தளங்கள் உங்கள் உண்மையான முகவரியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் சேவையகம் ஐபிவி6 தருமானால், ::/0 என்பதும் அதே வரியில் காற்புள்ளியுடன் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைத்து முடித்ததும் சோதிக்காமல் விடாதீர்கள். விபிஎன் இல்லாமல் ஒரு முறையும், இணைத்த பிறகு ஒரு முறையும் ஐபிலீக் டாட் நெட் என்ற தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இணைத்த பிறகும் உங்கள் வீட்டு முகவரி எந்த மூலையிலாவது தெரிந்தால் கசிவு இருக்கிறது. டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை) பகுதியில் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர் இருந்தால், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் இன்னும் அவர்களிடமே போய்க்கொண்டிருக்கின்றன. செயலியின் டிஎன்எஸ் அமைப்பில் விபிஎன் நிறுவனத்தினுடையதைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் சோதியுங்கள்.

பிறகு வரக்கூடிய தொல்லைகள் சில. வீட்டு அச்சுப்பொறி திடீரென்று வேலை செய்யாவிட்டால், கில் ஸ்விட்ச் உள்வீட்டு வலையமைப்பையும் சேர்த்துத் தடுத்திருக்கும். உள்வீட்டுக் கருவிகளை அனுமதிக்கும் தெரிவை இயக்கினால் சரியாகிவிடும். சில தளங்கள் திறக்க, சில மட்டும் பாதியிலேயே நின்றுபோனால், வயர்கார்டு கோப்பில் ‘எம்டியூ’ (ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) என்ற வரியைச் சேர்த்து, வழக்கமான 1420 என்ற அளவை 1280ஆகக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். வங்கித் தளம் கூடுதல் சரிபார்ப்பு கேட்டாலோ உள்ளே விடாவிட்டாலோ, சிங்கப்பூர்ச் சேவையகத்துக்கு மாறுங்கள்; அதற்கும் ஒத்துவராவிட்டால், குறிப்பிட்ட உலாவியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே வைக்கும் ‘ஸ்ப்ளிட் டனலிங்’ வசதியைப் பயன்படுத்தி, வங்கி வேலைகளுக்கு அந்த உலாவியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸோ மேக்கோ பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகு, மேலே சொன்ன கசிவுச் சோதனையை இன்னொரு முறை செய்துபார்ப்பது அவசியம்.