மலையகத் தாய்சேய் நலம்: ஆய்வு முடிவுகளைக் கொள்கையாக்குவது எப்படி?

நீலகிரியில் தாய்சேய் நலம் குறித்து ஆய்வு செய்ய முனையும் செவிலியர்கள், இளம் மருத்துவர்கள், தன்னார்வ அமைப்பினர், முதுநிலை மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆய்வு முடிந்து அறிக்கை அச்சான பிறகுதான் அதை அதிகாரிகளிடம் எப்படிக் கொண்டு செல்வது என்று நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. இந்த மலைகளே அதற்குச் சான்றாக நிற்கின்றன. இங்குள்ள பழங்குடி மக்களிடையே, சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்து உடையச் செய்யும் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. கூடலூரில் அசுவினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை அந்நோயாளிகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்து வந்துள்ளது. ஆயினும் நாடு தழுவிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கப்பட்டது. கண்டறிந்ததற்கும் திட்டம் வந்ததற்கும் இடையே 71 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

எடுக்கப்பட வேண்டிய முடிவிலிருந்து தொடங்குங்கள்

ஆய்வுக் கேள்வியை எழுதும் முன், எந்த முடிவு மாற வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் எந்த மாதத்தில் அந்த முடிவை எடுக்கிறார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்பகாலப் பரிசோதனை முகாமை எஸ்டேட்டின் சம்பள நாளன்று வைப்பதா வேறு நாளில் வைப்பதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரே தீர்மானித்துவிடலாம். அதற்கு மாநில அளவிலான ஆய்வு தேவையில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் பணியிடம் காலியாக இருப்பதும், துணை சுகாதார நிலையத்தின் எல்லை நடந்து கடக்க முடியாத அளவு விரிந்திருப்பதும் மாவட்ட அளவில் பேச வேண்டியவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தவணை விதிகளை மாற்ற வேண்டுமானால் சென்னைக்குத்தான் செல்ல வேண்டும்.

காலமும் அதே அளவுக்கு முக்கியமானது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் செயலாக்கத் திட்டத்துக்கு மாவட்டங்கள் தம் தேவைகளைப் பட்டியலிடும் பருவம் ஒன்று உண்டு; சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தயாராகும் பருவம் மற்றொன்று. மாவட்ட சுகாதாரப் பேரவை கூடும் நாளில் பொதுமக்களின் கோரிக்கைகள் பதிவாகின்றன. இவற்றுக்கு மூன்று மாதம் முன்பே உங்கள் முதற்கட்ட முடிவுகள் கைவசம் இருக்குமாறு ஆய்வைத் திட்டமிடுங்கள். முழுமையான ஆனால் தாமதமான அறிக்கையைவிட, வரம்புகளை ஒளிக்காமல் சொல்லும் இடைக்கால அறிக்கையே உரிய நேரத்தில் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

மலை மாவட்டத்தின் எண்களை எச்சரிக்கையுடன் வாசியுங்கள்

பிறப்பு இறப்புகளைக் கணிக்க மத்திய அரசு நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2018–20ஆம் ஆண்டுகளுக்கான கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தனர். அகில இந்திய அளவில் அது 97ஆக இருந்தது. இந்த எண்ணை ஒரு வட்டாரத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 2,000 பிறப்புகள் நிகழும் ஒரு வட்டாரத்தில் ஒரு தாய் இறந்தால் விகிதம் 50. இருவர் இறந்தால் 100. ஒருவரும் இறக்காவிட்டால் பூச்சியம். ஓர் ஆண்டின் விகிதத்தைக் காட்டி ஒரு திட்டம் வென்றது என்றோ தோற்றது என்றோ சொல்வது, நல்ல நோக்கத்துடன் சொல்லப்பட்டாலும், பொய்யாகிவிடும்.

ஆகவே சிறிய மக்கள்தொகையில் மரணங்களை மட்டும் எண்ணாமல், மரணத்தின் விளிம்பு வரை சென்று பிழைத்த தாய்மார்களையும் எண்ண வேண்டும். கடும் இரத்தப்போக்கு, வலிப்பு, சீழ்ப்பிடிப்பு, கருப்பை கிழிதல் ஆகியவற்றுக்கு ஆளாகி உயிர் தப்பியவர்களை வரையறுத்துப் பதிவு செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிழைத்தவரால் தம் கதையைத் தாமே சொல்ல முடியும் என்பதே இதன் பெரும் நன்மை. அவர் சொல்வதை மூன்று தாமதங்களாகப் பிரித்து எழுதுங்கள்: மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 1994 முதல் உலகெங்கும் பயன்பட்டு வரும் இந்த வகைப்பாடு நம் மலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ச் சாலையில் மண் சரிந்ததா, இரவில் வழியில் யானை நின்றதா, வண்டி வந்தும் மருத்துவமனையில் இரத்தம் இல்லையா என்பவை தனித்தனிச் சிக்கல்கள். அவற்றுக்குரிய தீர்வுகளும் அலுவலகங்களும் வேறு.

பகுதி வாரியான கணக்கில் மற்றொரு பொறி உண்டு. பந்தலூர்ப் பக்கத்து எல்லையோரக் குடும்பங்கள் பிரசவத்துக்குக் கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள சுல்தான் பத்தேரிக்குச் செல்வதுண்டு. பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அது பதிவு செய்யப்படுவதால், நீலகிரித் தாயின் குழந்தை வயநாட்டுக் கணக்கில் சேர்கிறது. கர்ப்பிணிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான பிக்மியில் தரப்படும் எண்ணைப் பிறப்புப் பதிவுடன் ஒப்பிட்டு, விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் கிராம சுகாதாரச் செவிலியரின் உதவியுடன் தேடினால்தான் உண்மையான எண்ணிக்கை தெரியும். மாவட்டச் சராசரியும் அப்படியே மறைக்கிறது. படுகரின் ஊரான ஹட்டி, தோடரின் குடியிருப்பான மந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், பணியர் குடியிருப்பு ஆகிய நான்கின் நிலையையும் ஒரே சராசரியில் கலந்தால் யாருடைய துயரமும் அதில் தெரியாது.

பிற நாட்டுச் சான்றை அப்படியே இறக்கிவிடாதீர்கள்

வேறிடத்தில் வென்ற ஒன்றை இங்கும் செய்யலாம் என்று பரிந்துரைக்கும் முன், அது எத்தகைய சூழலில் வென்றது என்று பார்க்க வேண்டும். குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடையும் என்பது நீண்டகாலமாக அறியப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, குவாத்தமாலா, அர்ஜென்டினா ஆகிய ஆறு நாடுகளில், அடிநிலைச் சுகாதார மையங்கள் உட்பட எல்லா நிலைகளிலும் இதைப் பரவலாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. மிகச் சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. ஒட்டுமொத்தப் பச்சிளங்குழந்தை இறப்போ 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 3.5 அதிகரித்தது. பின்னர் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், கர்ப்பத்தின் வாரக்கணக்கு ஸ்கேன் மூலம் உறுதி செய்யப்பட்ட தாய்மார்களிடம் அதே வகை ஊசி சோதிக்கப்பட்டது. 2020இல் வெளியான அந்த முடிவின்படி, பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 விழுக்காடாகக் குறைந்தது. இரு ஆய்வுகளையும் பிரித்தவை வாரக்கணக்கின் துல்லியமும், பிறந்த பின் குழந்தையைப் பேணும் வசதியும் ஆகும். இவ்விரண்டும் இல்லாத ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அந்த ஊசியைப் பரிந்துரைப்பது தீங்காகவே முடியலாம்.

மாறாக, நேபாளத்தின் மக்வான்பூர் நம்மைப் போன்ற மலைப்பகுதி. அங்கு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் மகளிர் குழுக்களைக் கூட்டி, பிரசவச் சிக்கல்களையும் அவற்றுக்குத் தங்களால் செய்யக்கூடியதையும் பேசவைத்தார். பச்சிளங்குழந்தை இறப்பு 30 விழுக்காடு குறைந்ததாக 2004இல் முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பேணும் முறையைச் சோதித்து 1999இல் வெளியிட்டனர். அது ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வழியாக நாடு முழுவதற்குமான திட்டமானது 2011இல். நம் மலையில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே இருப்பதால், மக்வான்பூரின் முறையைச் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பது பெரும் செலவின்றி ஆகக்கூடியது.

இரத்தசோகை பற்றிய ஆய்வாக இருந்தால் தனிக் கவனம் தேவை. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொண்டு இரும்புச்சத்து மாத்திரை தருவது பொது விதி. அரிவாள் செல் நோயில் சிவப்பணுக்கள் உடைவதால் சோகை உண்டாகிறது. இரும்புக் குறைபாடும் உறுதிப்பட்டால் அன்றி அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. எனவே பழங்குடிக் கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அதன் முடிவு பிரசவத்துக்கு முன் தாயின் அட்டையிலும் பிரசவ அறையிலும் வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒரு மாவட்டம் தன் அளவிலேயே சரிசெய்யக்கூடிய குறை இது.

மக்களிடம் கேட்கும்போது

தொலைதூரத் தாய்மார்கள் பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அறை காலியாகக் கிடந்தால் மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. மூத்த குழந்தையை யார் பார்ப்பது, இழக்கும் நாட்கூலியை யார் ஈடுசெய்வது, உடன் வரும் மாமியாருக்கோ தாய்க்கோ உணவு உண்டா என்று கேட்டால் காரணம் வேறாக இருக்கும். அந்தந்த மக்களின் மொழியைப் பேசும் பெண்ணைக் கொண்டே நேர்காணல் நடத்துங்கள்; அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாயும் மனம் திறக்க மாட்டார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்பே பெறுங்கள். முப்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஒரு மரணம் நடந்திருந்தால், ஊர்ப்பெயரை எழுதுவதே அந்தத் தாயின் பெயரை எழுதுவதாகும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குறிப்பு எழுதுவதும் தொடர்வதும்

அதிகாரிக்கான குறிப்பு இரண்டு பக்கங்களுக்குள் இருக்கட்டும். நீங்கள் கேட்கும் முடிவு முதல் பத்தியிலேயே வர வேண்டும். அடுத்து அதற்கான சான்று, பின்னர் செலவு. வண்டி என்றால் எத்தனை மாதங்களுக்கு, ஓட்டுநர் ஊதியம் எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து என்று எழுதாத பரிந்துரை கோப்பிலேயே தங்கிவிடும். எதிரான முடிவு கிடைத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆணை பிறந்த பிறகு, ஆறு மாதம் கழித்து அது துணை சுகாதார நிலையம் வரை எட்டியதா என்று நேரில் சென்று பாருங்கள். முதலில் அளந்த அதே அளவுகோலை மீண்டும் பயன்படுத்துங்கள். பேசிய தாய்மார்களிடம் திரும்பிச் சென்று, கண்டறிந்ததையும் அரசு ஏற்றதையும் ஏற்காததையும் அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். ஏற்கப்படாதவற்றை அவர்களே கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர விரும்பினால், அதற்குத் தேவையான எண்களை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.