புகை உணர்கருவியை எங்கே மாட்டுவது?

புகை உணர்கருவி வாங்குவதைவிட அதைச் சரியான இடத்தில் மாட்டுவதுதான் முக்கியம். சூடான புகை மேலே எழும்பி, கூரையை ஒட்டிப் பரவும். அதனால் கூரையின் நடுப்பகுதிதான் நல்ல இடம். சுவரில்தான் மாட்ட முடியும் என்றால், கருவியின் மேல்முனை கூரையிலிருந்து 10 முதல் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று தேங்கி நிற்பதால் அங்கே புகை தாமதமாகவே போய்ச் சேரும். அந்த மூலையைத் தவிர்த்துவிடுங்கள். மின்விசிறி, ஏசி காற்று வரும் வழி, ஜன்னல் ஆகியவற்றின் அருகிலும் வேண்டாம். புகை கருவியை எட்டும் முன்பே காற்று அதைத் தள்ளிவிடும்.

ஒவ்வொரு படுக்கையறையிலும், அதற்கு வெளியே உள்ள நடையிலும், ஒவ்வொரு மாடியிலும் ஒன்று தேவை. தூங்கும்போது புகை வாசம் நம்மை எழுப்பும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

சமையலறைக்கு வெப்ப உணர்கருவிதான் சரி. புகை உணர்கருவி என்றால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், அப்புறம் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. புகை உணர்கருவியை அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். வெப்பக் கருவி சூடு ஏறிய பிறகே ஒலிக்கும் என்பதால் படுக்கையறைக்கு அது போதாது.

முடிந்தால் எல்லாக் கருவிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். கீழே ஒன்று ஒலித்தால் மாடியிலும் ஒலிக்கும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், தூசியைத் துடையுங்கள். புகை உணர்கருவியின் பின்புறத்தில் தயாரிப்புத் தேதி இருக்கும். அதிலிருந்து 10 ஆண்டு ஆனால், நன்றாக ஒலித்தாலும் மாற்றிவிட வேண்டும்.