வளாகக் கலைக்கூடம்: போகும் முன் நாள்காட்டி பாருங்கள்

பல்கலைக்கழகங்களின் சிறிய கலைக்கூடங்களில் பெரும்பாலும் அனுமதி இலவசம்தான். ஆனால் திறந்திருக்கும் நாள்கள் பெரும்பாலும் கல்வி ஆண்டை ஒட்டியே அமையும். பருவ விடுமுறையிலும், ஒரு கண்காட்சி முடிந்து அடுத்ததற்குப் படங்களை மாற்றும் வாரங்களிலும் கதவு பூட்டியிருக்கலாம். கிளம்பும் முன் கூடத்தின் நாள்காட்டியையும் வளாக வாகன நிறுத்த விதியையும் பாருங்கள்.

முதுகுப்பையைக் கழற்றி லாக்கரில் வையுங்கள். திரும்பும்போது படத்தில் உரசுவது அதுதான். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும், மைக்கறை போகாது.

காகித ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாக இருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். ஒளி நிறத்தை மங்கச் செய்யும், அந்தச் சேதம் மீளாது. அதனால் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவே வைப்பார்கள். கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

விளக்க அட்டையில் 1965.12.3 போன்ற எண் இருந்தால், வழக்கமாக அதன் முதல் பகுதி, அந்தப் படைப்பு சேகரிப்புக்கு வந்த ஆண்டு. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்சியில் இல்லாத படைப்பையும் பல கூடங்கள் ஆய்வறையில் எடுத்துக் காட்டும். எண்ணுடன் இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். மாணவராக இல்லாவிட்டாலும் தயங்காமல் கேட்கலாம்.