கவிதையை மேடையோடு விட்டுவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்து வீட்டில் கவிதைக்குப் புதிதாக இடம் தேடத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் திருவூஞ்சற்பா, மார்கழி விடியலில் திருவெம்பாவை, கலியாணத்தில் வாழ்த்துப்பா, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையில் அவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் பாக்கள் என்று செய்யுளோடு வாழ்ந்த ஊர் இது. இருந்தும் கவிதை என்றதும் கவியரங்கமும் தமிழ்த்தினப் போட்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பாவோதல் போட்டிக்கென்று பிள்ளைக்கு ஒரு பாட்டைப் பாடமாக்க வைக்கிறோம். கை எங்கே உயர வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுக்கிறோம். போட்டி முடிந்தபின் அந்தப் பாட்டை வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துப் பாருங்கள். பயறு வறுப்பதும் அரிசி இடிப்பதும் தேங்காய் துருவுவதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதைப் பாட உகந்த இடம் குசினி. ஆடி முதலாம் நாள் கூழ் காய்ச்சும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடுங்கள். பனங்கட்டி கரையும் வாசத்தோடு மனதில் ஏறிய வரி லேசில் மறக்காது.

அடுத்தது, கண்ணால் மட்டும் வாசிப்பது. விளங்கவில்லை என்று இரண்டாம் வரியிலேயே மூடிவைப்பதும் அதனால்தான். எங்கள் கோயில்களில் கந்தபுராணப் படனம் எப்படி நடக்கிறது? ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். ஓசை முதலில், பொருள் பிறகு. வீட்டிலும் அதே ஒழுங்கு போதும்: வாய்விட்டு ஒருமுறை, சொற்களைப் பிரித்து இன்னொருமுறை. பெரிய தொகுப்பு நூலை வாங்கி அலுமாரியில் வைப்பதைவிட ஒரு பாட்டை ஒரு கிழமை முழுக்க வைத்திருப்பது மேல்.

எழுத விரும்புகிறவர்கள் பெரிய விடயம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பிறர் ஏற்ற பொருள் என்று சொன்னவற்றைத் திருப்பிச் சொல்லாதீர் என்று ஈழத்துக் கவிஞர் அளவெட்டி மகாகவி (1927–1971) கவிதையிலேயே சொல்லிவிட்டார். ஐந்தடிக் குறும்பாவில் அவர் கொண்டுவந்தவர்கள் நாம் தெருவில் பார்க்கும் மனிதர்கள்.

எனக்கு மிகவும் மனம் நோவது கல்வெட்டு விடயத்தில். அதில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா நாலே அடி, பதினைந்தே சீர். ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, இறந்தவரின் பெயர், அவர் இறைவனடி சேர்ந்த செய்தி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றால் முடிய வேண்டும். எவ்வளவு நுட்பமான வேலை! இன்று பழைய கல்வெட்டொன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடிக்கிறோம். சீர் கெட்டுத் தளை தட்டுவது ஒரு புறம். பின்னால் வரும் புலம்பல் பாக்களிலும் அந்த மனிதர் இல்லை. துலா மிதித்துப் புகையிலைக்கு நீர் இறைத்தவரும் கந்தோரில் கோப்புப் பார்த்தவரும் ஒரே "பாசமிகு தீப"மாகிவிடுகிறார்கள். யாப்புத் தெரிந்த ஒருவரிடம் போங்கள். போகும்போது இறந்தவருடைய தொழில், பேச்சு, பிடிவாதம் பற்றி நாலு விபரம் எழுதிக்கொண்டு போங்கள்.

அச்சடித்த கல்வெட்டைப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். ஆண்டுத் திவசத்தன்று படைக்க முன்னர் வீட்டில் ஒருவர் அந்த வெண்பாவை உரத்து வாசிக்கட்டும். பிள்ளைகள் திதியை நினைவில் வைத்திருக்கத்தானே அது பாட்டாக எழுதப்பட்டது.