ஏ.எம். பரப்பியில் எந்த வகுப்புப் பெருக்கியை எங்கே வைப்பது?

வீச்சுப் பண்பேற்ற (ஏ.எம்.) முறையில், அதாவது வானொலி அலையின் வீச்சைக் குரலுக்கேற்ப மாற்றி, குரல் அனுப்பும் பரப்பியைக் கட்டத் தொடங்கும் முன், குரல் எந்தப் பெருக்கிப் படியில் தன்னைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையோடு சேரப்போகிறது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். பெருக்கியின் வகுப்பை அதுதான் தீர்மானிக்கிறது.

சி வகுப்புப் பெருக்கியில் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதிக்கும் குறைவான நேரமே மின்னோட்டம் பாய்கிறது. அதனால் செயல்திறன் 70 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் உள்ளே வரும் அலையின் ஏற்ற இறக்கத்தை அது அப்படியே வெளியே தராது. ஏற்கெனவே பண்பேற்றிய அலையை அதற்குள் செலுத்தினால் பேச்சு சிதைந்துவிடும். அத்தகைய அலையைப் பெருக்க அலையின் ஏற்ற இறக்கத்தை மாற்றாமல் தரும் ஏ, ஏபி, பி வகுப்பு நேரியல் பெருக்கிகளே ஏற்றவை. முழுப் பண்பேற்றத்தின் உச்சத்தில் திறன் 4 மடங்காக உயர்வதால், 100 வாட் உச்சத்திறன் கொண்ட நேரியல் பெருக்கியில் ஊர்தி அலையை 25 வாட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அந்த நிலையில் அதன் செயல்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இந்த இழப்பைக் குறைக்கவே பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி 1936இல் தம் பெயரால் வழங்கும் இருபெருக்கி அமைப்பை வகுத்தார்.

உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் வால்வு கொண்டு கட்டுவதானால், இறுதிப் படியைச் சி வகுப்பில் வைத்து, அதன் பிளேட்டிலேயே, அதாவது வால்வின் வெளியீட்டு மின்முனையிலேயே, பண்பேற்றுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். 807 வால்வு ஒன்று 600 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். உள்ளீடு 60 வாட்; முழுப் பண்பேற்றத்துக்கு அதில் பாதியான 30 வாட் ஒலித்திறன் தேவை. ஒலியைப் பிளேட் மின்னழுத்தத்தோடு சேர்க்கும் பண்பேற்ற மின்மாற்றி காணும் சுமை, வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கக் கிடைக்கும் 6000 ஓம். உச்சத்தில் பிளேட்டுக்கு ஊட்டும் மின்னழுத்தம் 1200 வோல்ட்டைத் தொடும், வானொலி அலையின் ஏற்றமும் அதன்மேல் சேரும் என்பதால் மின்தேக்கிகளையும் காப்புகளையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளேட்டுக்கு முன்னுள்ள கம்பிவலை மின்முனையான திரைக் கிரிட்டையும் பிளேட்டோடு சேர்த்தே பண்பேற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் பண்பேற்றம் முழு அளவை எட்டாது. மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளை வெறுமையாக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

சோதனையை ஆன்டெனாவில் செய்யாமல், அலையை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கும் டம்மி லோடில் செய்ய வேண்டும். அலையின் வடிவைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் செங்குத்துத் தகடுகளுக்கு வானொலி அலையின் மாதிரியையும், கிடைத்தகடுகளுக்குப் பண்பேற்றும் ஒலியின் மாதிரியையும் கொடுத்தால் திரையில் ஒரு சரிவகம் தோன்றும். ஒலியைக் கூட்டக் கூட்ட அதன் சிறிய பக்கம் சுருங்கி, 100 விழுக்காட்டில் முக்கோணத்தின் கூர்முனையாகிறது. அந்த முனையிலிருந்து ஒரு கோடு நீண்டால் ஊர்தி அலை இடையிடையே அறுந்துபோகிறது, பக்கத்து அலைவரிசைகளில் இரைச்சல் சிதறுகிறது என்று பொருள். உடனே ஒலியைக் குறைக்க வேண்டும். சாய்ந்த பக்கங்கள் நேராக இல்லாமல் அகன்ற முனைக்கருகே வளைந்தால், பெரும்பாலும் வால்வின் உள்ளீட்டு மின்முனையான கட்டுப்பாட்டுக் கிரிட்டுக்கு வரும் உந்தல் அலை போதவில்லை.

பிளேட் மின்னோட்டமானியையும் கவனிக்க வேண்டும்: பேசும்போது முள் அசையாமல் நின்றால் இறுதிப் படி சரியாக இயங்குகிறது. ஒரே சுருதியில் முழுப் பண்பேற்றம் செய்யும்போது சுமையில் பாயும் வானொலி மின்னோட்டம் 22.5 விழுக்காடு கூட வேண்டும். இவ்விரண்டும் சரியாக அமைந்து, ஒலியை 3000 ஹெர்ட்ஸோடு வடிகட்டி நிறுத்திய பிறகு ஆன்டெனாவை இணைக்கலாம்.