தூக்கத்துக்கு மெலடோனின்: முதல்முறை வாங்குகிறவர்களுக்குப் படிப்படியாக

போன ஐப்பசியில் ஒரு காலை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு பைக்கில் ஏறிக்கொண்டிருந்தேன். இரைச்சல் பாலம் தாண்டி ஒரு வளைவில், எதிரே இறங்கிவந்த பஸ் ஹாரன் அடித்தபிறகுதான் நான் சாலையின் வலதுபக்கம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. கண் திறந்துதான் இருந்தது. மூளை மட்டும் கம்பத்திலேயே நின்றுவிட்டது போல இருந்தது. முந்தின இரவு பதினொன்றரைக்கு நான் சாப்பிட்டது ஒரு மெலடோனின் கம்மி (மிட்டாய் போல மென்று தின்கிற வகை), 10 மில்லிகிராம். மச்சினி துபாயிலிருந்து கொண்டுவந்த டப்பா. ஸ்ட்ராபெர்ரி வாசம்.

ஏலக்காய் வியாபாரத்தில் கணக்குப் பார்க்கிறவன் நான். ஆடி தொடங்கி தை வரை எங்களுக்கு ராப்பகல் கிடையாது. ஸ்டோரில் பச்சைக்காய் இரவெல்லாம் உலரும், விடிந்தால் புற்றடியிலோ போடியிலோ ஏலம். அந்த ஆறேழு மாதத்தில் கெட்ட உறக்கம் சீசன் முடிந்தபிறகும் திரும்பி வரவில்லை. அப்புறம் கண்டதையும் சாப்பிட்டுப் பார்த்து, ஒரு வழியாக நேராகிவிட்டது. நான் இடறிய இடத்தில் நீங்களும் இடற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள், ஒன்றும் சாப்பிடாதீர்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். படுத்த நேரம், தூங்கியிருப்பேன் என்று நினைக்கிற நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்தது, கடைசி டீ. இவ்வளவுதான். வாட்ச் கட்டிக்கொண்டு தூக்கத்துக்கு மார்க் போடச் சொல்லாதீர்கள். எனக்கு 61 மார்க் போட்டது. அதைப் பார்த்தே மறுநாள் இரவு தூக்கம் போனது.

என் தாள்கள் சொன்ன சங்கதி: ஒருநாளைக்கு ஏழு கிளாஸ் கட்டன் (பால் சேர்க்காத டீ), கடைசிக் கிளாஸ் இரவு ஒன்பதரைக்கு, ஸ்டோரில். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரத் தூக்கம் வேறு. இதை ஒரு மாத்திரை சரிசெய்யும் என்று நான் எதிர்பார்த்தது, அடுப்பை எரியவிட்டுவிட்டு ஃபேன் போட்ட கதை.

படி 2: முதலில் டாக்டர் வாசலுக்குப் போகவேண்டியவர்கள்

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்கள். (நமக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.) கால் குடைச்சலில் உதைத்துக்கொண்டே கிடப்பவர்கள், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள். கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள். வாரஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள். ரத்தக்கொதிப்புக்கு நிஃபெடிபின், மனநலத்துக்கு ஃப்ளூவாக்ஸமின் எடுப்பவர்கள். இந்த இரண்டும் மெலடோனினோடு ஒத்துப்போகாது. மனசு தாங்காமல்தான் தூக்கம் போகிறது என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், காசு கிடையாது.

படி 3: எதை வாங்குவது

மெலடோனினுக்கு மயக்கும் வேலை கிடையாது. இருட்டினால் மூளையின் பினியல் சுரப்பி தானே சுரக்கிற ஹார்மோன் அது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழு பிரித்தெடுத்தது. ‘ராத்திரி ஆச்சு’ என்று உடம்புக்குத் தண்டோரா போடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் கடிகாரம் கலைந்தவர்களுக்குத்தான் நன்றாக உதவும்: வெளிநாட்டு விமானப் பயணம் போய்வந்தவர்கள், விடியற்காலை இரண்டு மணிக்கு முன் கண் சொருகாதவர்கள், ஷிப்ட் மாறியவர்கள் சிலர். சாதாரணத் தூக்கமின்மைக்கு எவ்வளவு உதவும்? 2013இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தூக்கம் வருவது சராசரியாக 7 நிமிடம் முந்துகிறது, மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடுகிறது. ஏழு நிமிடம்! இந்தக் கணக்கை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் 10 மில்லிகிராமுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

மக்னீசியம்: சத்து குறைவாக உள்ளவர்களுக்குப் பலன் தரலாம். மற்றவர்களுக்கு ஆதாரம் மெலிசு. விலை மலிவான மக்னீசியம் ஆக்ஸைடு முதலில் எங்கே வேலை செய்யும் என்பதைக் காலையில் கழிவறையில் தெரிந்துகொள்வீர்கள்.

அமுக்கரா: நம் சித்த மருத்துவச் சரக்கு, அஸ்வகந்தா என்று டப்பாவில் வருவதும் இதுதான். அதன் தாவரப் பெயரிலுள்ள ‘சோம்னிஃபெரா’வுக்கே தூக்கம் தருவது என்று பொருள். சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் தெரிகிறது. ஆனால் அரிதாகக் கல்லீரலைக் கெடுத்ததாகப் பதிவுகள் உண்டு, தைராய்டு ஹார்மோனையும் ஏற்றும். டென்மார்க் 2023இல் தடையே போட்டது. வீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் ‘மூலிகைதானே’ என்று அவருக்கும் ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுக்காதீர்கள்.

ஜாதிக்காய்: எங்கள் மலைப்பக்கம் இதுதான் முதல் வைத்தியம். பாலில் ஒரு சிட்டிகை போட்டால் பாதகமில்லை, பால் ருசியாக இருக்கும். ஆனால் சிட்டிகைக்குக் கேட்கவில்லை என்று முழுக்காயை உரைத்துக் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும். மறுநாள் பூரா நெஞ்சு படபடப்பு, சுவரில் ஆள் நிற்கிறது என்கிறார். ஒரு காயே 5 கிராம் தேறும், அந்த அளவே விஷமாகக்கூடும்.

சளி, அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடும் பழக்கம் நம்மில் ரொம்பப் பேருக்கு உண்டு. வயதானவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். குழப்பம் வரும், சிறுநீர் அடைக்கும், ராத்திரி எழுந்தால் விழுவார்கள்.

என் கட்சி: ஒரே பொருள் மட்டும் உள்ள மாத்திரை. மெலடோனின், தியானின், வலேரியன் என்கிற மூலிகை, பி6 எல்லாம் ஒன்றாகப் போட்ட கலவை வேண்டாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

படி 4: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

துணை உணவாக விற்பதில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்க வேண்டும். இருப்பதாலேயே உள்ளே சொன்ன அளவு இருக்கும் என்று அர்த்தமில்லை. கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அட்டையில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. எட்டில் செரட்டோனினும் இருந்தது. அமெரிக்காவில் 2023இல் 25 கம்மிகளைப் பார்த்ததில் 22இன் அளவு தப்பு. என் துபாய் டப்பாவில் உண்மையில் எவ்வளவு இருந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். கம்மி மீது எனக்குக் கோபம் வர இது ஒன்றே போதும்.

இன்னொன்று. தூக்கத்துக்கு என்று கேட்டால், சில கடைகளில் கேள்வி கேட்காமல் வேறொரு அட்டையை நீட்டுவார்கள். எனக்கும் நீட்டினார்கள், எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. திருப்பினால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை, ஆல்பிரஸோலாம். அது ஹெச்1 பட்டியல் மருந்து. 2014 முதல் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, வாங்கியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழக்கமாகிவிடுகிற சரக்கு. சிவப்புக் கட்டம் தெரிந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 5: அளவும் நேரமும் (நான் கவிழ்ந்த இடம்)

முதல் மூன்று வாரம் நான் செய்தது இது. பதினொன்றரைக்கு மெத்தையில் சாய்ந்து, கம்மியை மென்று, ‘வேலை செய்யட்டும்’ என்று போனை எடுத்து அன்றைய ஏல விலைப் பட்டியலைப் பார்ப்பேன். ஒரு மணி வரை ஒன்றும் நடக்காது. ‘பத்து பத்தாது போல’ என்று ஒருநாள் இரண்டு மென்றேன். காலையில் அலாரம் அடித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

இதில் மூன்று தப்பு.

ஒன்று, நேரம். தூங்க நினைக்கிற நேரத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போடவேண்டும். தண்டோராக்காரன் திருவிழா முடிந்தபிறகு வந்து என்ன பிரயோஜனம்? பதினொன்றுக்குத் தூக்கம் வேண்டுமென்றால் ஒன்பதரைக்குள் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். நள்ளிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு போடுவது கூடவே கூடாது. காலை மந்தம் நிச்சயம்.

இரண்டு, வெளிச்சம். வாயில் மெலடோனினும் கண்ணில் போன் வெளிச்சமும் ஒரே நேரத்தில் கொடுத்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நாமே அணைக்கிறோம். மாத்திரை போட்டதும் டியூப் லைட்டை நிறுத்திவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் பல்பு. போன் ஹாலில், சார்ஜரில். விலைப் பட்டியல் காலையிலும் அதே விலைதான் காட்டும்.

மூன்று, அளவு. இதில் கூட்டக் கூட்டப் பலன் கூடுவதில்லை. தலைவலி, கெட்ட கனவு, காலை மந்தம்தான் கூடும். இப்போது நான் எடுப்பது 3 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. நடுவில் கோடு போட்ட மாத்திரையாகப் பார்த்து வாங்கினேன். அரிவாள்மனையில் வெட்டிப் பார்த்ததில் பாதி அடுப்பு மேடைக்கடியில் போனது. மாத்திரை வெட்டுகிற சின்னக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை எடுக்கும் இரவு, மறுநாள் வண்டி ஓட்டவேண்டியிராத நாளாக இருக்கட்டும். மலைச்சாலை ஆட்களுக்கு இதை இரண்டு முறை சொல்கிறேன். கள்ளோ பிராந்தியோ குடித்த இரவில் வேண்டாம்.

படி 6: எப்போது நிறுத்துவது

இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குள் தெரியாத பலன் அப்புறமும் தெரியாது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனினும் வலேரியனும் வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொன்னதும். அதற்கு முதல் சிகிச்சை சி.பி.டி.ஐ என்கிற பழக்க மாற்றப் பயிற்சி. அதில் நான் பிடித்துக்கொண்டது மூன்றே மூன்று: இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிடுவது, கண் சொருகினால் மட்டும் திரும்புவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுவது. முதல் வாரம் நரகம். திண்ணையில் உட்கார்ந்து, விடியுமுன் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளை எண்ணினேன். இரண்டாம் வாரம் எண்ண முடியவில்லை.

கடைசிக் கட்டனையும் மதியம் இரண்டு மணிக்கு மாற்றினேன். ஸ்டோரில் இப்போது சுக்குத் தண்ணீர்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகி, பாதியாக உடைத்துப் போட்டும் காலையில் தலை கனக்கிறது என்று எழுதியிருந்தார். அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மெதுவாகக் கரையும் வகை. அதை உடைத்தாலோ மென்றாலோ அந்தக் கட்டுமானம் கெட்டு மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். ‘எஸ்.ஆர்’, ‘பி.ஆர்’ என்று பெயர் பக்கத்தில் இருந்தால் முழுசாக விழுங்குவது, இல்லையேல் வேறு வாங்குவது. நான் இதை எழுத மறந்தது என் தப்பு.

பின்சேர்க்கை 2: தைராய்டு மாத்திரை சாப்பிடும் அத்தைக்கு மக்னீசியம் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: டாக்டர் சரி என்றால், இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாக ஏறாது. சில ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே.

பின்சேர்க்கை 3: கசகசாப் பால் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். வீட்டில் குடியுங்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் வழக்கு. துபாயிலிருந்து கம்மி வரலாம், இங்கிருந்து கசகசா போகக்கூடாது.

பின்சேர்க்கை 4: இதைப் படித்துவிட்டு மச்சினி போன் செய்தாள். “மாமா, அந்த டப்பா இன்னும் இருக்கா? பாப்பு ஊருக்கு வர்றான், பாத்துக்குங்க.” பாப்புவுக்கு நாலு வயது. அமெரிக்க விஷமுறிவு மையங்களுக்கு வந்த, குழந்தைகள் மெலடோனின் விழுங்கிய அழைப்புகள் 2012க்கும் 2021க்கும் இடையில் 530 சதவீதம் கூடின. மிட்டாய் என்றுதானே எடுக்கும்? போய்ப் பார்த்தேன். டப்பா சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. மிச்சம் இருந்த பதினான்கையும் காபித்தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பைவண்டியில் போட்டாயிற்று. பாப்பு வெள்ளிக்கிழமை வருகிறான்.