ஜெர்மனியில் டொரண்ட்டும் அப்மானுங் கடிதமும்: புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் சனிக்கிழமை டெலிகிராமில் வந்துவிடும். அதை இறக்கிப் பார்ப்பது ஊரில் யாருக்கும் தப்பாகத் தோன்றுவதில்லை. பார்த்தவரைத் தேடி யாரும் வருவதுமில்லை. ஜெர்மனியிலும் போலீஸ் வராது. தபால் வரும். டொரண்ட்டில் படம் இறக்கி ஓரிரு மாதம் கழித்து, அதை மறந்தே போன பிறகு, ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து கனமான உறை வந்து சேரும். இங்கே அதை அப்மானுங், அதாவது எச்சரிக்கைக் கடிதம், என்பார்கள். பல வருடமாக இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அதை நம்பி இறங்க வேண்டாம். கடையில் படி எடுத்த வீடியோ கசெட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தின் அனுபவம் அது. கசெட்டுக்கு ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது.

சிக்கல் இறக்குவதை விட ஏற்றுவதில்தான் இருக்கிறது. டொரண்ட் செயலி படத்தைத் துண்டு துண்டாக வாங்கும்போதே, வந்த துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறது. சட்டத்தின் கண்ணில் இது பொதுவில் விநியோகிப்பது. உரிமையாளருக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் அதே படத்தைப் பகிரும் கூட்டத்தில் இன்னொரு பயனர் போலச் சேர்ந்து, உங்கள் ஐபி முகவரியையும் நேரத்தையும் நொடிக்கணக்கில் குறித்துக்கொள்ளும். பிறகு நீதிமன்ற உத்தரவு வாங்கி, அந்த நொடியில் அந்த ஐபி யாருடையது என்று இணைய நிறுவனத்திடம் கேட்பார்கள். கிடைப்பது ஒப்பந்தக்காரரின் பெயரும் முகவரியும். "அப்லோட் வேகத்தை பூஜ்யம் ஆக்கிவிட்டேன்", "பாதியில் நிறுத்திவிட்டேன்" என்பதெல்லாம் பெரிய பாதுகாப்பில்லை. தனியாகப் பார்க்க முடியாத சிறு துண்டைக் கொடுத்தவரும் கூட்டாகச் செய்தவரே என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது.

பலர் மாட்டுவது இரண்டு இடங்களில். ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி. அதிலுள்ள டொரண்ட் செயலி கணினியோடு சேர்ந்து தானாகத் திறந்து, ஆறு மாதம் முன்பு சென்னையில் இறக்கிய படத்தை இங்கே பகிரத் தொடங்கிவிடும். விமானம் ஏறுவதற்கு முன்பே செயலியை அடியோடு நீக்கிவிடுங்கள். மூடினால் மட்டும் போதாது. இரண்டாவது, பார்ப்பதற்கு ஸ்ட்ரீமிங் போல இருந்துகொண்டு உள்ளே டொரண்ட்டில் ஓடும் செயலிகள். பாப்கார்ன் டைம் இந்த வகை. ஸ்ட்ரெமியோவில் டொரண்ட் இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டாலும் அதே கதைதான். "நான் இறக்கவே இல்லை, பார்க்க மட்டும்தான் செய்தேன்" என்று கடிதத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பயன்படுத்தியவர்கள்.

உண்மையான ஸ்ட்ரீமிங்கில் உங்கள் ஐபி வெளியாருக்குத் தெரியாது. அதனால் கடிதமும் அரிது. அதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. திருட்டுத் தளம் என்று வெளிப்படையாகத் தெரியும் இடத்திலிருந்து பார்ப்பதும் மீறல்தான் என்பது ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொன்ன தீர்ப்பின் சாரம். அந்த வழக்கே நெதர்லாந்தில் விற்கப்பட்ட, திருட்டுத் தளங்களின் இணைப்புகள் முன்கூட்டியே ஏற்றிய ஒரு டிவி பெட்டியைப் பற்றியதுதான். "மாசம் பத்து யூரோ, எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும்" என்று யாராவது பெட்டி விற்றால் இதை நினைவில் வையுங்கள். பணம் வங்கி வழியாகப் போனால் வாங்கியவர் பெயரும் விற்றவரிடம் இருக்கும்.

கடிதம் வந்துவிட்டால்

முதலில், அது நிஜமா என்று பாருங்கள். அவர்களிடம் இருப்பது இணைய நிறுவனம் கொடுத்த வீட்டு முகவரிதான் என்பதால், டொரண்ட் கடிதம் தபாலில்தான் வரும். மின்னஞ்சலில் ஜிப் கோப்போடு வருவதைத் திறக்காதீர்கள். அது அநேகமாக மோசடி. நிஜக் கடிதத்தில் படத்தின் பெயர், கோப்பின் பெயர், ஐபி, தேதி, நேரம் எல்லாம் இருக்கும். கேட்பது இரண்டு: இனிச் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிக் கையெழுத்து, பிறகு பணம். ஒரு படத்துக்கு மொத்தமாகப் பல நூறு யூரோவிலிருந்து ஆயிரம் வரை கேட்பது வழக்கம்.

தூக்கிப் போடாதீர்கள். உறுதிமொழிக்குக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். அதைத் தவறவிட்டால் நீதிமன்றத் தடையுத்தரவு வரை போகலாம், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். அவசரப்பட்டு அந்த அலுவலகத்துக்கு ஃபோனும் செய்யாதீர்கள். "என் ரூம்மேட்தான் பார்த்தான், மன்னிச்சிருங்க" என்று அரைகுறை ஜெர்மனில் சொல்வது பிறகு உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். அவர்கள் அனுப்பிய உறுதிமொழியில் அப்படியே கையெழுத்திடுவதும் ஆபத்து. அது ஆயுள் முழுவதும் கட்டுப்படுத்தும். அதிலேயே கடனை ஒப்புக்கொள்ளும் வரி ஒளிந்திருக்கலாம். மறுபடி ஒரு முறை மீறினால் ஒப்பந்த அபராதமே ஆயிரக்கணக்கில் போகும். திருத்திய உறுதிமொழி என்று ஒன்று உண்டு, அதை வக்கீலோ உங்கள் மாநிலத்து ஃபெர்பிரௌஹர்சென்ட்ராலேயோ (நுகர்வோர் ஆலோசனை மையம்) எழுத உதவுவார்கள். கட்டணம் உண்டு, ஆனால் கேட்கும் தொகையோடு பார்த்தால் சிறிது. வருமானம் குறைந்த மாணவர் வசிப்பிடத்து அம்ட்ஸ்கெரிஷ்டில் (உள்ளூர் நீதிமன்றம்) ஆலோசனை உதவிச் சீட்டு கேட்கலாம். கிடைத்தால் வக்கீலுக்கு 15 யூரோ மட்டுமே.

தொகையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. தனிநபர் முதல்முறை மாட்டினால், வக்கீல் கட்டணத்தை 1000 யூரோ மதிப்பின் மேல்தான் கணக்கிட வேண்டும் என்று 2013-லிருந்து சட்டம் சொல்கிறது. அதாவது அந்தப் பகுதி சுமார் 170 யூரோவுக்குள் நிற்கும். நஷ்டஈடு தனி, பேரம் அதில்தான். அதே உரிமையாளருக்கு ஏற்கெனவே உறுதிமொழி கொடுத்தவருக்கு இந்த வரம்பு பொருந்தாது.

சில மாதமோ வருடமோ கழித்து மஞ்சள் உறை வந்தால் நிலைமை வேறு. அது பெரும்பாலும் நீதிமன்றத்திலிருந்து வரும் பணம் கோரும் ஆணை. கூட வரும் படிவத்தில் மறுப்பைக் குறித்து இரண்டு வாரத்துக்குள் அனுப்பாவிட்டால், நீங்கள் இறக்கினீர்களா என்று யாரும் பார்க்காமலே பணத்தை வசூலிக்கும் ஆணையை அவர்கள் வாங்கிவிடலாம். ஊருக்கு விடுமுறையில் போகும்போது தபால் பெட்டியைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யச் சொல்வது இதற்காகத்தான். இதெல்லாம் பணத் தகராறு, குற்ற வழக்கு அன்று. விசா போய்விடும் என்று பயந்து முதல் நாளே முழுத் தொகையையும் கட்டிவிடாதீர்கள்.

இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால்

நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் இணைய ஒப்பந்தம் ஒருவர் பெயரில்தான் இருக்கும், கடிதமும் அவருக்குத்தான். "நான் செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் ஏற்காது. அந்த நேரத்தில் வேறு யார் இணைப்பைப் பயன்படுத்தியிருக்க முடியும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். யார் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தங்கினார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கூட இருக்கும் வயது வந்தவர்களையும் விருந்தாளிகளையும் முன்கூட்டியே எச்சரிக்கத் தேவையில்லை என்று 2016-ல் தீர்ப்பு வந்தது. அங்கே படம் இறக்கியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தங்கிய, உடன்பிறந்தவரின் மகளும் அவள் துணைவரும். ஆனால் ஒருவர் இறக்குகிறார் என்று தெரிந்துகொண்டே விட்டுவிட்டால் இந்தக் காப்பு போய்விடும். பிள்ளைகள் விஷயம் வேறு: டொரண்ட் கூடாது என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதை ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பது கொஞ்சம் அதிகம்போலத் தோன்றும். இந்த ஊரில் அது உதவும்.

மாணவர் விடுதி வலையமைப்பு என்றால் இன்னொரு தொல்லை. கடிதத்துக்கு முன்பே விடுதி நிர்வாகம் உங்கள் அறை இணைப்பைத் துண்டிக்கலாம். பாடநூல்களுக்குத் திருட்டு பிடிஎஃப் தேடுவதற்கு முன் பல்கலைக்கழக விபிஎன்னில் நுழைந்து நூலகப் பட்டியலைப் பாருங்கள். பாதிப் புத்தகம் அங்கேயே மின்னூலாக இருக்கும். இல்லாததை ஃபெர்ன்லைஹ முறையில் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம், பெரும்பாலும் 1.50 யூரோ. வந்த புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை நகல் எடுக்கக் கூடாது. அச்சில் இல்லாமல் குறைந்தது இரண்டு வருடம் ஆன நூலுக்கு மட்டும் விலக்கு உண்டு.